ஜிம்னிக்கு எந்த ஸ்வே பார்: கழற்றும் லிங்கா, மெலிந்த பாரா?

ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் மறுபக்கத்தையும் முறுக்கிப் பிடித்து, வண்டி சாயாமல் பார்ப்பது, இரு பக்கத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பியான ஸ்வே பாரின் வேலை. தார்ச்சாலையில் அது வரம். பாறை கிடக்கிற ஓடையில் அதுவே ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும்.

சுசூகியின் சிறிய நான்குசக்கர இயக்க வண்டியான ஜிம்னிக்கு முன்பக்கக் கழற்றும் லிங்க் (பாரின் நுனியைப் பிடித்திருக்கும் இணைப்புத் தண்டு) போட்டால், பூட்டியிருக்கும் பின்னை (pin) உருவி, பாரை மேலே கட்டிவிடலாம். அச்சு தன் முழு அளவுக்கு ஆடும். தொல்லை என்னவென்றால், தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும். ஆடி மாதம் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் நான்குவழிச்சாலையில் அடிக்கிற பக்கக்காற்றில் பார் இல்லாமல் ஓட்டவே கூடாது. ஜீப் ராங்லர் ரூபிகானில் பாரைக் கழற்ற சுவிட்ச் உண்டு. சுமார் 29 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் தானாகவே மாட்டிக்கொள்ளும். கையால் கழற்றும் லிங்கில் அந்தக் காவல் உங்கள் கைதான்.

வண்டியோடு வந்த பாருக்குப் பதிலாகப் போடும் மெலிந்த பார் எப்போதும் மாட்டியே இருக்கும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், மற்ற அளவுகள் மாறாமல் 24 மில்லிமீட்டரை 20 ஆக்கினாலே பாதிக்கும் கீழே போய்விடும். அச்சு ஓரளவு கூடுதலாக ஆடும், ஆனால் வளைவில் சாய்வும் கூடும்.

பனங்காட்டு மண்பாதை, குளத்துக்கரை, நடுநடுவே தார் என்று மாறி மாறிப் போகிறவருக்கு மெலிந்த பார் சரி. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடி, எப்போதாவது கரட்டில் இறங்குபவர் கழற்றும் லிங்கையே வாங்குங்கள்.