அம்மா தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் கடைத்தெரு

அக்கா மகள் கல்யாணத்துக்காக இந்த முறை ஐந்து வாரம் ஊரில் இருந்தேன். பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை, இப்போது இருப்பது டொரன்டோ. எங்கள் வீட்டில் கல்யாணச் சாமான் என்றால் அன்றும் இன்றும் பாரீஸ்தான், சென்னைப் பாரிமுனையைச் சுற்றியுள்ள கடைத்தெருக்கள். பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, வேட்டி துண்டுக்குக் கோடவுன் தெரு, தாம்பூலப் பைக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கும் தேவராஜ முதலி தெரு, பூவுக்குப் பத்ரியன் தெரு. தி.நகரில் கிடைக்காதா என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

கிளம்பும்போது அம்மாவிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"பாரீஸ் போறோம்ல, வேணாம்."

"வெயில் கொளுத்துதும்மா."

"குடிச்சிட்டு அங்க எங்கடி போறது?"

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, சர்க்கரை உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்படியும் கடைத்தெருவுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்கிறார். சித்தியும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால், நானும் சின்ன வயதில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் போயிருக்கிறேன். அது ஒரு குறை என்பதே அப்போது தெரியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன முறை நான் வந்தபோது எங்கள் பக்கம் மெட்ரோ ஓடவில்லை. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது. தியாகராயா கல்லூரி நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் உயர்நீதிமன்றம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் நசுங்கிப் போன வழியில் உட்கார்ந்தே போனோம். லிஃப்ட் வேலை செய்தது. மூட்டையோடு திரும்பும்போது செக்யூரிட்டிப் பெண் ஒருவர் அம்மாவின் பையைத் தானே வாங்கி மெஷினில் வைத்தார். வடசென்னைக்காரர்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததில் எனக்கு மனசு நிறைந்தது.

படியேறி வெளியே வந்தால் வேறு உலகம். நடைபாதை இருக்கிறது, கால் வைக்கத்தான் இடமில்லை. ஒரு பக்கம் பைக் வரிசை, இன்னொரு பக்கம் இறக்கிவைத்த பண்டல்கள், நடுவில் மீன்பாடி வண்டிகள். "ஓரம்மா, ஓரம்!" என்று கத்திக்கொண்டே வருகிறார்கள் சுமை தூக்குபவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தலையில் அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கு என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? அந்தத் தெருக்களின் வியாபாரமே அவர்கள் தோளில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்க் கடைகளுக்கு இங்கிருந்துதான் சரக்கு போகிறது.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். சித்தி என் காதோடு சொன்னார், அவசரம் என்று. ஒரு தெருமுனையில் பொதுக் கழிப்பறை இருந்தது, பூட்டு தொங்கியது. பக்கத்து டீக்கடையில் கேட்டோம், தெரியாது என்றார்கள். நாங்கள் பை வாங்கிய மொத்தக் கடைக்கே திரும்பிப் போய்க் கேட்டோம். கல்லாவில் இருந்த பெரியவர் முகம் சுருங்கிப்போனது. "எங்க கடையிலேயே நாலு லேடீஸ் வேலை பாக்குறாங்கம்மா. அவங்களே பின்னாடி தெருவுல ஒரு தெரிஞ்சவங்க வீட்டுக்குத்தான் போறாங்க" என்றார். கடைசியில் மெட்ரோ நிலையத்துக்கே திரும்பி நடந்தோம். சித்திக்கு அந்தப் பத்து நிமிடம் என்ன பாடு என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

அந்தப் பெரியவரை விட்டுவிட மனசில்லாமல் அப்புறம் போய் அரை மணி நேரம் பேசினேன். சொத்து வரி கட்டுகிறார், தொழில் வரி கட்டுகிறார். அதற்கு மேல் கடைக்காரர்கள் கூடி ராத்திரி வாட்ச்மேனுக்குக் காசு போடுகிறார்கள். மழைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டால் அதற்கும் தலைக்கு இவ்வளவு என்று வசூல். கோயில் திருவிழா வந்தால் ஒரே நாளில் பணம் சேர்ந்துவிடும் என்றார். ஆக, காசு போடவும் ஆள் இருக்கிறது, கூடிப் பேசும் பழக்கமும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு டொரன்டோ ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கடைத்தெருவில் இருக்கும் பேக்கரிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். வாடகையோடு வரும் வரிக் கணக்கில் சின்னதாக ஒரு தொகை தனியாக இருக்கும். அந்தத் தெருவின் வணிக மேம்பாட்டுப் பகுதிக்கான கட்டணம் அது. நகராட்சி அதைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து, அந்தத் தெருவின் வியாபாரிகள் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடும். கட்டட உரிமையாளர், வாடகைக் கடைக்காரர் எல்லோருமே உறுப்பினர்கள்தான். வருடா வருடம் கூடி வரவு செலவுக்கு ஒப்புதல் கொடுப்பார்கள். பெஞ்ச், விளக்கு, பூந்தொட்டி, குப்பை, திருவிழா எல்லாம் அந்தப் பணத்தில். உலகத்திலேயே முதன்முதலில் இது 1970இல் டொரன்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜில்தான் தொடங்கியது. சுரங்க ரயில் வந்து தெருவில் நடந்த கூட்டம் பூமிக்கு அடியில் போனது. பெரிய மால்கள் மிச்சத்தை இழுத்துக்கொண்டன. கடைகள் காலியாகிவிடும் என்ற பயத்தில் வியாபாரிகளே முன்வந்து கேட்டு வாங்கிய ஏற்பாடு. இப்போது அந்த நகரத்தில் எண்பதுக்கு மேல் இருக்கின்றன.

பெரியவர் கவனமாகக் கேட்டார். "நாங்க குடுக்குற காசு எங்க தெருவுக்கே வரும்னு எழுதிக் குடுத்தா, யாரும்மா வேணாம்னு சொல்லப்போறாங்க?" என்றார்.

பாரிமுனைக்கு இதுவரை செய்த வைத்தியத்தைப் பாருங்கள். 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு, செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளிவைத்தார்கள். பின்னர் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரி கட்டடத்தில் இன்னும் நிற்கிறது. தள்ளிவைத்த ஊருக்கு 1911இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். நம் காலத்திலும் வழி மாறவில்லை. 1996இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் வெளியூர் பஸ்களும் அங்கேயே போயின. இரண்டும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் காலியான பிறகு மிச்சமிருக்கும் தெருவை யார் தினமும் கவனிப்பது? குப்பைக்கும் தெருவிளக்குக்கும் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்ல வேண்டும். தொங்கும் ஒயருக்கு மின்வாரியம், பொங்கும் சாக்கடைக்குக் குடிநீர் வாரியம், வண்டி நிறுத்தத்துக்குப் போக்குவரத்துப் போலீஸ். இத்தனை கதவையும் ஒரு வியாபாரி கடையை விட்டுவிட்டுத் தட்ட முடியாது. தெருவுக்கென்று ஒரு அலுவலகம், சம்பளம் வாங்கும் ஒரு மேலாளர், அவர் கையில் ஒரு சாவிக்கொத்து. கழிப்பறைச் சாவியும் அதில் இருக்க வேண்டும். இதுதான் நான் கேட்பது.

டொரன்டோவை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது என்பதும் தெரியும். அந்தக் குழுவில் கடைக்காரர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும்தான் ஓட்டு. இங்கே அப்படிச் செய்தால் முதல் கூட்டத்திலேயே தள்ளுவண்டிக்காரர்களையும் பூக்கட்டும் பெண்களையும் கிளப்பத் தீர்மானம் போட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட தெரு வியாபாரிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பாரிமுனைக் குழுவுக்கும் அதே கணக்கு வேண்டும். சுமை தூக்குபவர்களும் அதில் உட்கார வேண்டும். சரக்கு எந்த நேரத்தில் இறங்கினால் தெரு மூச்சுவிடும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

தி.நகர் பாண்டி பஜாரையும் போய்ப் பார்த்தேன். 2019இல் நடைபாதை வளாகமாக மாற்றிய இடம், அகலமாக நடக்க நன்றாக இருக்கிறது. அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டார். ஆனால் கோடவுன் தெருவை அப்படி ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. பண்டல் நகராவிட்டால் அந்தத் தெரு செத்துப்போகும். லாரிக்கு ராத்திரி, கைவண்டிக்குக் காலை, பைக்குக்குத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் என்று நேரம் பிரித்தாலே பாதி நெரிசல் குறையும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தாம்பூலப் பை நூறு குறைந்தது. திரும்பவும் கிளம்பினோம். அம்மாவுக்கு டம்ளரை நீட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தார், பாதி குடித்தார்.

"ஸ்டேஷன் பக்கத்துலயே வாங்கிட்டு வந்துடுவோம்" என்றார். தேவராஜ முதலி தெருவுக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.