மடக்கு சைக்கிளுக்கு மோட்டார் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்: எங்களுக்குப் போனது 53,000 ரூபாய்

53,000 ரூபாய். இரண்டு மடக்கு சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் மாட்டித் தரச் சொல்லி, கோவையில் ஒரு பட்டறைக்கு நாங்கள் கொடுத்த பணம். அந்தப் பேட்டரியை நேற்று திறந்து பார்த்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. லீவு நாளில் கார் டிக்கியில் சைக்கிளை மடித்துப் போட்டுக்கொண்டு வெளியூர் கிளம்பும் குடும்பங்கள் நம் பக்கம் இப்போது நிறைய. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நாங்கள் திருப்பூரில் சின்னதாக ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது தையல் யூனிட், நடத்துகிறோம். வருஷம் முழுக்க ஓடும் ஊர் தீபாவளிக்குத்தான் முழுசாக நிற்கும். தையல்காரர்களுக்கு போனஸ் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு நாங்களும் எங்காவது கிளம்புவோம். உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்தி மலைக்குப் போகிற ரோடு என் வீட்டுக்காரருக்கு உயிர். தென்னந்தோப்பு, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால், நேர் எதிரே மலை. அதில் காரில் போனால் ஒன்றும் தெரியாது, சைக்கிளில்தான் போக வேண்டும் என்பார். 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிள்களை அதற்காகவே வாங்கினோம். அப்புறம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. சமதளத்தில் மிதிப்பார், மேடு வந்தால் முடியவில்லை. சைக்கிளை விற்க மனசு வரவில்லை. மேட்டுக்கு மட்டும் கை கொடுக்க ஒரு மோட்டார் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

அந்த நினைப்பில் ஒரு குறையும் இல்லை. முன் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிற ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, மோட்டாருக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற கண்ட்ரோலர், நாம் மிதிப்பதைக் கண்டுபிடிக்கிற சென்சார், பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துகிற கட்-ஆஃப், இவ்வளவுதான் சமாச்சாரம். ஒழுங்காகச் செய்தால் அருமையாக ஓடும். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவெண்ணும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

பழைய சாமான் விற்பவர்களும் சர்வீஸ் செய்பவர்களும் விளம்பரம் போடுகிற ஓர் ஆப்பில்தான் அந்தப் பட்டறையைப் பார்த்தோம். பேருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை அடையாளம் இருந்தது. போனில் பேசினேன், பட்டறைக்காரன் மரியாதையாகப் பேசினான். நேரில் போனோம். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர், சந்துக்கு ஒரு லேத்துப் பட்டறை இருக்கிற ஊர், அங்கே இந்த வேலை தெரியாமலா போகும் என்ற தைரியமும் எங்களுக்கு இருந்தது.

பட்டறையில் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு சைக்கிள் வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதை அவனும் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "கனம் பாருங்க்கா, இதுதானுங்க ஒரிஜினல்" என்றான். கனமாகத்தான் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டான். பூர்வீகம் காங்கேயம் பக்கம் என்றேன். "அட, எங்கம்மா பொறந்த ஊரு அங்கதானுங்க! ஒட்டுக்கா சொந்தமாப் போயிட்டோம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் அம்மா காபி கொண்டு வந்தார். என் மாமியார் வீட்டு வழியெல்லாம் விசாரித்தார். அந்த அம்மாவுக்கு இதில் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் டம்ளரை நீட்டிய பக்கத்திலேயே நின்றுகொண்டு அவன் சொன்னதுதான் மனசில் அறுக்கிறது: "உங்களை ஏமாத்திப்போட்டு நான் நாளைக்கு ஊருக்குள்ள தலைநிமுந்து நடக்க முடியுங்களாக்கா?"

30,000 ரூபாயை அந்த இடத்திலேயே போனில் அனுப்பினேன்.

வெறும் வாய்ப்பேச்சில் விடவில்லை. எங்கள் தொழிலில் அளவு ஒரு சென்டிமீட்டர் மாறினால்கூட பீஸ் திரும்பி வந்துவிடும். எதையும் எழுதி வாங்குவது பழக்கம். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, புது செல் 40, மிதித்துக்கொண்டே போனால் 30 கிலோமீட்டருக்குக் குறையாது, ஒரு வருஷம் கேரண்டி. எல்லாம் அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். மடித்து பிளைட்டில்கூடக் கொண்டு போகலாம் என்றும் சொன்னான். அது சுத்தப் பொய் என்று பின்னால்தான் தெரிந்தது. 36 வோல்ட்டை 10 ஆல் பெருக்கினால் 360 வாட்-ஹவர். பயணிகள் விமானத்தில் ஏர்லைன் அனுமதி வாங்கினாலும் 160 வரைதான் விடுவார்கள்.

தீபாவளி நெருக்கத்தில், இன்னிக்கு நாளைக்கு என்று இழுத்துத்தான் சைக்கிளைக் கொடுத்தான். மீதி 23,000 கொடுத்தோம். பில் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ரிப்பேருங்க்கா, வாட்ஸ்அப்ல அனுப்பிச்சுடறேன்" என்றான். இந்த நிமிஷம் வரை வரவில்லை. மொத்தம் 53,000. கையில் இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டும் அவன் எழுதிய தாளும்தான்.

உடுமலையில் ரூம் எடுத்துத் தங்கினோம். ராத்திரி இரண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டோம். என் பெண் அந்தப் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தூங்கினாள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

காலையில் கிளம்பினோம். தளி வருவதற்குள்ளேயே அவருடைய சைக்கிளில் முழு சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த விளக்கு ஒரேயடியாக அணைந்தது. பத்து கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டோம். சரி, என் சைக்கிளை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தப் போனால், முன் சக்கரத்தில் டக்கென்று ஒரு சத்தம். மோட்டாரின் அச்சு, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் பிடியை விட்டுத் தானாகச் சுழன்று, அதிலிருந்து வருகிற வயரையும் முறுக்கி அறுத்துவிட்டது. நான் வேகத்தைக் குறைத்திருந்ததால் விழவில்லை. வேகத்தில் இருந்திருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும், நான் தலைகுப்புற விழுந்திருப்பேன். முழங்கால் ஆபரேஷன் ஆன மனுஷர் மோட்டார் கனத்தோடு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்ததை என்னால் மறக்க முடியாது. தேங்காய் இறக்கிவிட்டு வந்த ஒரு குட்டியானைக்காரர்தான் எங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்து ரூமில் விட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த அண்ணன் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் போனை எடுத்தான். "மழையில நனைச்சிருப்பீங்க்கா" என்றான். அன்றைக்கு மழையே இல்லை. அடுத்து, "மேட்டுல ஆக்சிலேட்டரை ஃபுல்லா முறுக்கிட்டீங்க போல" என்றான். மேடு ஏறத்தானே மோட்டார் மாட்டச் சொன்னேன்? அப்புறம் பட்டறையில் வேலை செய்கிற பையன் லீவு என்றான். அப்புறம் அவனே வெளியூர். ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனோம், ஷட்டர் சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "சித்த நேரத்துக்கு முன்னாடிதானுங்க சாத்திட்டுப் போனான்" என்றார். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தான். என் குரல் தெரிந்ததும் சொன்னான்: "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. வீட்டுல ஆம்பளைங்க இருந்தா பேசச் சொல்லுங்க." பணம் அனுப்பியது நான். அப்போது ஆம்பளையைக் கூப்பிடச் சொல்லவில்லையே. பத்து மெஷினுக்கு மோட்டாரும் பெல்ட்டும் பார்த்து வேலை வாங்குகிறவளிடம் புரியாது என்கிறான். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அந்த ஆப்காரர்கள் அவனுக்கு மேல். புகார் எழுதினால், 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று உடனே ஒரு பதில். அப்புறம் சத்தமே இல்லை. திரும்பக் கேட்டால், பணம் எங்கள் ஆப் வழியாகப் போகவில்லை, அதனால் பொறுப்பில்லை என்கிறார்கள். நான் பார்த்து நம்பிய பச்சை அடையாளம் அவர்கள் போட்டது. என்ன சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். போன் நம்பரை மட்டும்தானாம். என் புகாரை 'முடிந்தது' என்று மூடிவிட்டார்கள். அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

எங்கள் யூனிட் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிறவரின் பையன் பேட்டரி வேலை தெரிந்தவன். நேற்று அவனிடம் கொண்டு போனோம். டப்பாவைத் திறந்தான். 40 செல் இருக்க வேண்டிய இடத்தில் 20. மீதி இடத்தில் ஸ்பாஞ்ச். அந்த 20-ம் புதுசு கிடையாது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிய்த்த செல். பழைய பசையும் வெல்டிங் தழும்பும் அப்படியே இருந்தன. புதுசாகவே இருந்தாலும் அந்த 20 செல்லில் பாதிச் சக்திதான் கிடைக்கும். தேய்ந்துபோன செல் பத்து கிலோமீட்டர்கூட இழுக்காததில் அதிசயமே இல்லை என்றான். பட்டறையில் என் கையில் கொடுத்துக் காட்டிய பேட்டரி வேறு, மாட்டித் தந்தது வேறு.

அடுத்தது மோட்டார். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் அடியில் 350 வாட் என்று இருக்கிறது. அப்படியானால் இது சட்டப்படி சைக்கிள் கணக்கிலேயே வராது. பதிவெண், இன்சூரன்ஸ் எதுவும் இல்லாமல் எங்களை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறான். ஃபோர்க்கைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. சாதாரண சைக்கிளில் முன் ஃபோர்க்கின் உள் அகலம் 100 மில்லிமீட்டர். மடக்கு சைக்கிள் சிலவற்றில் 74-தான். எங்களுடையது 74. அதற்கேற்ற மோட்டார் வாங்காமல் 100-க்கான மோட்டாரை வைத்து, அலுமினிய ஃபோர்க்கை நெம்பி விரித்து, அரத்தால் ராவி நுழைத்திருக்கிறான். அலுமினியம் அப்படி வளைத்தால் தாங்காது. ஒரு பக்கம் விரிசலே விட்டிருக்கிறது. அச்சு சுழலாமல் பிடித்து நிற்கிற டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை இரண்டு சைக்கிளிலும் இல்லை.

சார்ஜருக்கு வருகிறேன். பத்து செல் வரிசையாக இருக்கிற 36 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரிக்கு முழு சார்ஜ் 42 வோல்ட். அவன் கொடுத்த சார்ஜரில் 43.8 என்று இருக்கிறது. அது வேறு வகை லித்தியம் பேட்டரிக்கானது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, இது 4.38 வரை ஏற்றும். அதைத் தடுக்க வேண்டியது பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு போர்டு. சார்ஜ் வயர் அந்தப் போர்டைத் தொடாமலே நேராக செல்லுக்குப் போயிருக்கிறது. "எப்படிங்க்கா இது தீப்பிடிக்காம இருந்துச்சு?" என்று அந்தப் பையன் கேட்டான். என் பெண் அதற்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறாள். 53,000 ரூபாய் போனதை நான் எப்படியாவது சம்பாதித்துவிடுவேன். இதற்கு அவனை விடுவதாக இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பேட்டரியைத் திறக்கும்போது வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அவன் கையெழுத்துத் தாளும் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும், அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு செல் சுமார் 45 கிராம் இருக்கும். 40 செல் என்றால் டப்பா இல்லாமலே சுமார் 1.8 கிலோ வர வேண்டும். அதற்கு ரொம்பக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். ஃபோர்க் அகலத்தை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். டார்க் ஆர்ம் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். உங்கள் கண் முன்னால் சைக்கிளை ஒருமுறை மடித்துக் காட்டச் சொல்லுங்கள், கீல் பக்கம் வயர் இழுபடக் கூடாது. ஜி.எஸ்.டி. பில் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரி சார்ஜ் போடுவதற்கு முன்னால் சார்ஜரைத் திருப்பி அதன் மேல் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 36 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரிக்கு 42-க்கு மேல் இருந்தால் பிளக்கில் மாட்டவே மாட்டாதீர்கள்.