லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரை காலியா? உடனே கடைக்குத் தூக்காதீர்கள் (போனது ரூ.4,800)

கும்பகோணத்தில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். முந்தாநாள் அங்கே 4,800 ரூபாய் கட்டி, மூன்று போகத்து நெல் கொள்முதல் ரசீது, சிட்டா அடங்கல் ஸ்கேன், வீட்டுப் போட்டோ அத்தனையும் அழித்து வாங்கி வந்திருக்கிறோம். காசு கொடுத்து அழித்திருக்கிறோம், அதுதான் வயிற்றெரிச்சல்.

கோளாறு இதுதான். பேட்டரி செத்த லேப்டாப், அப்டேட் ஓடும்போது கரண்ட் போனது. மறுபடி ஆன் செய்தால் டெஸ்க்டாப் வெறிச்சென்று இருக்கிறது, ‘உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. அப்பா அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

அது டெம்பரரி புரொஃபைல். யூசரின் செட்டிங்ஸ் கோப்பைத் திறக்க முடியாமல் போனால் விண்டோஸ் தற்காலிகமாக ஒரு காலி புரொஃபைலில் உள்ளே விடும். பழைய கோப்புகள் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் நம் பெயரில் அப்படியே கிடக்கும். முதலில் அங்கிருந்து பென் டிரைவுக்குக் காப்பி. பிறகு சைன் அவுட், இரண்டு மூன்று ரீஸ்டார்ட். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட் வெர்ஷன், புரொஃபைல் லிஸ்ட் என்று போக வேண்டும். எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரே நீள எண் இரண்டு தடவை இருக்கும், ஒன்றின் கடைசியில் ‘.பேக்’ (.bak) என்ற வால். வால் இல்லாததற்கு ‘.ஓல்டு’ (.old) சேர்த்துவிட்டு, மற்றதன் வாலை வெட்டி, அதற்குள் ‘ஸ்டேட்’ மதிப்பை 0 ஆக்கி ரீஸ்டார்ட். தொடுவதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

கடையில் சொன்னது: “ஹார்டு டிஸ்க் அடிவாங்கிருச்சுய்யா. டேட்டாவை எடுத்துத் தர்றது நம்ம பொறுப்பு, நீங்க வீட்டுக்குப் போங்க.” அந்த ‘நம்ம பொறுப்பு’க்குத்தான் அப்பா பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரெகவரிக்கு 3,000, விண்டோஸுக்கு 1,800.

அடிவாங்கிய டிஸ்கை மாற்றவே இல்லை. அதே எஸ்எஸ்டிதான் திரும்பி வந்தது, சோதித்தால் நூற்றுக்கு நூறு ஆரோக்கியம். டிஸ்கை ஃபார்மட் செய்யாமல், அதாவது துடைக்காமல், பழையதன் மேலேயே விண்டோஸைப் போட்டிருந்தால்கூட ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரில் பழையது மிஞ்சியிருக்கும். ஃபார்மட் அடித்தாயிற்று. எஸ்எஸ்டியில், அழித்த இடத்தை நிஜமாகவே காலியாக்கும் ‘டிரிம்’ ஓடிவிட்டால் எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் உதவாது.

அந்த 1,800 இன்னும் அக்கிரமம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் ஹோம் பதிப்பின் உரிம கீ, மதர்போர்டில் உள்ள பயாஸிலேயே இருக்கிறது. அதையே மறுபடி போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும், காசே இல்லை. இவர்கள் போட்டது திருட்டு புரோ. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் ‘உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம்’ என்கிறது. அப்பாவுக்கு ஏது நிறுவனம், நாலு மா நிலம்தான். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டர், அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் யாரென்றே தெரியாத ஒரு யூசர் வேறு.

போன் செய்தால், “டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே சார்.” மறுநாள், “வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிட்டான்.” நேரில் போனால், “சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது.” 4,800 ரூபாய்க்கு மூன்று வாக்கியம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கு இப்போதே உருவாக்கி வையுங்கள், முதல் கணக்கு கெட்டால் அதன் வழியாக நுழையலாம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்தால் மிஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பில் கேளுங்கள். அப்பா கேட்கவில்லை, நுகர்வோர் உதவி எண் 1915-ல் 4,800 ரூபாய்க்குப் புகார் சொல்ல எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.