நேபாள ஊழியப் பயணம் என்று சொல்லி 1,16,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

நேபாளத்திலிருந்து வந்து பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் அதே ஊழியம் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறது என்று எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் விளம்பரத்தை அனுப்பினார். இந்த முறை கம்போடியாவாம். படத்தில் நானும் என் அக்காவும் இந்திய-நேபாள எல்லையிலுள்ள சுனௌலி வளைவுக்குக் கீழே நிற்கிறோம். தேநீருக்காக பஸ்ஸை நிறுத்தியபோது எடுத்த படம். அதன்மேல் "நேபாளத்தில் மாபெரும் அறுவடை" என்று எழுதியிருக்கிறார்கள். என்ன அறுவடை நடந்தது என்பதை நான் சொல்கிறேன்.

பெயரைப் போடவில்லை. வழக்குப் போடப்போகிறோம்; அதற்குமுன் பெயரைச் சொன்னால் அவதூறு என்று அவர்கள் முந்திக்கொள்வார்கள். அடையாளம் சொன்னாலே தென்மாவட்டக்காரர்களுக்கு இந்த வகை தெரிந்துவிடும். பிஷப்பின்கீழ் உள்ள எந்தத் திருமண்டலத்தையும் சேராத தனிக் கிறிஸ்தவ ஊழியம். தலைவர் ஒருவர், அவர் மனைவி பொருளாளர், மைத்துனர் ஒருங்கிணைப்பாளர். மாடியில் வாடகைக் கூடம், யூடியூபில் தினமும் காலை வாக்குத்தத்தச் செய்தி.

பத்து நாள் பயணத்துக்கு ஆளுக்கு 58,000 ரூபாய் என்றார்கள். சென்னையிலிருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டுக்கு விமானம், இருவருக்கு ஓர் அறை, மூன்று வேளை சாப்பாடு, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர், மலைக் கிராமச் சபைகளில் சாட்சி சொல்ல வாய்ப்பு. எனக்கும் அக்காவுக்குமாக 1,16,000 ரூபாய். அக்காவின் பங்கு அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

அந்தத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வருவார். நாற்காலியில் உட்கார மறுத்துப் பாயை விரிக்கச் சொன்னார். சுவரில் அப்பாவின் படத்தைப் பார்த்து, "ஐயா எந்தச் சபையில் இருந்தார்கள்?" என்று கேட்டார். அப்பா கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. முழங்கால்படியிட்டு ஜெபித்தபோது அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இங்கே விதைத்ததை இந்தப் பிள்ளைகள் தூர தேசத்தில் அறுக்கட்டும் என்று வேண்டினார். இறந்துபோன தகப்பனின் பெயரை வெளியார் ஒருவர் அப்படி உருகிச் சொன்னால் எந்த மகளுக்குத்தான் நெஞ்சு இளகாது? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இடியாப்பம் பிழியப் போய்விட்டாள்.

அக்கா அப்போதே பீரோ சாவியை எடுத்தாள். அவர் கையமர்த்தினார். "பணம் கிடக்கட்டும் சிஸ்டர். மூன்று நாள் ஜெபியுங்கள். கர்த்தர் பேசினால் மட்டும் வாருங்கள்." பணத்தை வேண்டாம் என்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்றாம் நாள் காலை செய்தி வந்தது: இரண்டே இடம் பாக்கி, ஊழிய பாரம் உள்ளவர்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் மனைவியின் கைபேசி எண்ணுக்கு 80,000 அனுப்பினோம். மீதி 36,000 ரொக்கம். உறையின்மேல் கைவைத்து ஜெபித்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, "நேபாள ஊழியத்துக்கு மனமுவந்து அளித்த காணிக்கை" என்று எழுதினார். பயணக் கட்டணம் என்றல்லவா எழுத வேண்டும் என்று கேட்டேன். "ஊழியத்தில் கட்டணம் என்று எழுதினால் வியாபாரமாகிவிடும் சிஸ்டர்" என்று சிரித்தார்.

புறப்படுவதற்கு முந்தின இரவு, விமான டிக்கெட்டில் ஏதோ கோளாறு என்று செய்தி. ரயிலில் போகிறோம், வித்தியாசத் தொகையைத் திரும்பி வந்ததும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர்வரை இரண்டாம் வகுப்புப் படுக்கை, அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர் ஒருவர் இருந்தார். கோரக்பூரில் இறங்கும்போது அவர் ஒன்று சொன்னார், எனக்கு வயிறு கலங்கியது. இந்தியர் விமானத்தில் நேபாளம் போக விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். சிறுவர்களையும் 65 வயதைக் கடந்தவர்களையும் தவிர மற்றவர்களுக்கு ஆதார் செல்லாது. எங்கள் எல்லோரிடமும் இவர்கள் வாங்கியது ஆதார் நகல் மட்டும். கோளாறாவது மண்ணாவது, விமான டிக்கெட் என்ற ஒன்று எந்த நாளிலும் போடப்படவே இல்லை.

காத்மாண்டை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எல்லையைத் தாண்டிப் புட்வலில் ஒரு விடுதியில் இறக்கினார்கள். ஆறு பெண்களுக்கு ஓர் அறை, தரையில் மெத்தை. மொழிபெயர்ப்பாளர் என்று யாரும் வரவில்லை. மைத்துனர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சமாளித்தார். சனிக்கிழமை மட்டும் ஒரு சபைக்குப் போனோம். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆகவே ஆராதனையும் அன்றுதான். செருப்பை வாசலில் விட்டு, ஆண்கள் ஒருபுறம் பெண்கள் ஒருபுறமாகத் தரையில் உட்கார்ந்து, "ஜெய் மசீஹ்" என்று கைகூப்பி எங்களை வரவேற்றார்கள். அந்த ஆராதனையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை மைத்துனர் நேபாளியில் அச்சிட்ட ஒரு கட்டு சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கொண்டுவந்து போட்டு, பஸ் நிலையத்தில் நின்று கொடுங்கள், வீடியோ எடுக்க வேண்டும் என்றார். அந்த நேரத்தில் எங்களைப் பார்க்க அந்தச் சபையின் போதகர் வந்தார். கட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்தினார், கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார், மெத்தையின் விரிப்பை உருவி அதன்மேல் மூடினார். அதன் பிறகுதான் இந்தியில் பேசத் தொடங்கினார். ராணுவத்துக்காரர் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நேபாளத்தின் 2015 அரசியலமைப்பிலேயே, 26-ஆம் பிரிவில், மற்றவரை மதம் மாற்றுவதற்குத் தடை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை, 50,000 நேபாள ரூபாய்வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். வெற்று மிரட்டலும் இல்லை: 2021-இல் பொக்காராவைச் சேர்ந்த ஒரு போதகருக்குத் தோல்பா மாவட்ட நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. "உங்களை என்றைக்காவது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் எங்கே போவேன்?" என்று கேட்டார் அந்தப் போதகர். பணம் போனதைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் அறுக்கிறது. 58,000 ரூபாய் வாங்குகிறபோது இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வீடியோவுக்காக ஒரு சபையையே மாட்டிவிடப் பார்த்தார்கள்.

அன்று மாலை மைத்துனரைக் காணவில்லை. காத்மாண்டில் அவசர வேலையாம். விடுதிக்காரர் பாக்கி கேட்டார். நாங்களே தலைக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்தோம். திரும்பும் ரயிலுக்குத் தட்காலில் எங்கள் காசு. இவையெல்லாம் அந்த 1,16,000 ரூபாயில் சேராதவை.

ஊர் வந்து போன் செய்தால், "அவர் உபவாச ஜெபத்தில் இருக்கிறார்" என்கிறார் மனைவி. மறுநாள், "கன்வென்ஷனில் இருக்கிறார்." ஒருவழியாக அவரே எடுத்தபோது, "வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கானானுக்குள் போகவில்லை சிஸ்டர்" என்றார். பணத்தைக் கேட்டேன். காணிக்கையைத் திருப்பிக் கேட்பது அனனியா, சப்பீராள் செய்த பாவம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. சப்பீராள் மறைத்தது அவள் வீட்டு நிலத்தை விற்ற பணம் ஐயா, நீங்கள் மறைத்து வைத்திருப்பது என் அக்காவின் சீட்டுப் பணம் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். சற்று நேரத்தில் எங்கள் இருவரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். காவல் நிலையத்துக்குப் போவேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். சகோதரர் மேல் சகோதரர் அவிசுவாசிகள் முன்பாக வழக்காடலாமா என்று கொரிந்தியர் நிருபத்திலிருந்து ஒரு வசனம் பதிலாக வந்தது. அந்த நிருபத்தை எழுதிய அதே பவுல்தான் நீதி கேட்டு ரோமப் பேரரசராகிய இராயனிடத்தில் அபயமிட்டவர். அதே பவுல்தான் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பியவர். இங்கே பொருளாளர் மனைவி, ஒருங்கிணைப்பாளர் மைத்துனர்.

திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பிய சீமை இது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைத்த பாட்டிமார்களின் பேத்திகள் நாங்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் அறுவடை செய்கிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். மனம் நிதானத்தில் இல்லை. சுருக்கமாக இவ்வளவுதான். டிக்கெட் எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஊழியத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைத் தவிர வேறு யார் எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்தைத் தொகுப்பாக விற்கிறவர் பான் எண் வாங்கி வருமான வரி பிடிக்க வேண்டும். பான் எண்ணே கேட்கவில்லை என்றால் நில்லுங்கள். போகிற நாட்டின் மதமாற்றச் சட்டத்தை வேறு யாரிடமாவது கேளுங்கள். அங்குள்ள சபைப் போதகரோடு, கிளம்புமுன் நேரடியாகப் பேசுங்கள். ரசீதில் காணிக்கை என்று எழுதினால் அங்கேயே மாற்றி எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; எங்கள் 1,16,000 ரூபாய்க்கான மனுவை இந்த வாரமே கொடுக்கிறோம். எங்களோடு வந்தவர்கள் ரசீதைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். "58,000 ரூபாய், விமானம் உட்பட" என்று குழுவில் வந்த அழைப்பையும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய செய்திகளை அவர்கள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.