ஏழு ஆண்டுகளில் மூன்று முறை வேகமெடுத்த இடது இண்டிகேட்டர்

கானாடுகாத்தான் வீட்டின் பின்புறக் கொட்டகையில் என் காரைச் சுவரை ஒட்டிப் பின்னோக்கித்தான் நிறுத்துவேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். பொழுது சாய்ந்தபின் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஆரஞ்சு வெளிச்சம் அந்தச் சுவரில் விழுவதும் மறைவதும் உள்கண்ணாடியில் துல்லியமாகத் தெரியும். 15 நொடி எண்ணினால் 21 முறை மினுங்கும், அதாவது நிமிடத்துக்கு 84. நம் மோட்டார் வாகன விதிகள் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை என்கின்றன. 84 அதற்குள் நிம்மதியாக அடங்குகிறது. 15 நொடி எண்ணிக்கை 21-லிருந்து 40-ஐத் தொட்டால் கார் ஏதோ சொல்ல வருகிறது என்று பொருள்.

2018-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் இது. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் என்று சுற்றியே 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சின் பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. இடது இண்டிகேட்டர் மட்டும் மூன்று முறை வேகமெடுத்திருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. அவற்றில் இரண்டாவது நானே வரவழைத்தது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும்.

முதல்முறை 2020-இல். பின்புறப் பல்பு போயிருந்தது. இழை அறுந்து, கண்ணாடிக்குள் கரும்புகை படிந்திருந்தது. டிக்கியைத் திறந்து இரண்டு திருகுகளைக் கழற்றி, விளக்குத் தொகுதியை வெளியே இழுத்து, புதுப் பல்பைப் போட்டதும் சரியாகிவிட்டது. 60 ரூபாயும் பத்து நிமிடமும் ஆயின. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சுப் பூச்சுள்ள 21 வாட் பல்பின் அடியில் இருக்கும் இரண்டு காதுகளும் நேரெதிராக இருக்காது, சற்றுக் கோணலாக இருக்கும். வெள்ளைப் பல்பை அதே ஹோல்டரில் தவறுதலாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்து, "அழுத்தித் திருப்புங்கள், உட்கார்ந்துவிடும்" என்றால் வாங்காதீர்கள்.

ஒரு பல்பு போனால் மற்றது ஏன் வேகமெடுக்கிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். அப்பச்சி வைத்திருந்த பழைய காரில் ஃப்ளாஷர் என்ற சிறு டப்பா ஒன்று இருந்தது. மின்சாரம் போகும்போது அதற்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளையும், ஆறி நிமிரும். அதுதான் 'டக் டக்' என்று கேட்கும். அந்தக் காரில் ஒரு பல்பு போனால் மற்றது மினுங்காமல் நிலையாக எரிந்துகொண்டிருக்கும். என் காரில் அந்த டப்பா இல்லை. காரின் மின்வேலைகளைக் கவனிக்கும் கணினி ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கிறது. 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்ந்தால் 3.5. அது பாதியாகக் குறைந்தால் கணினி ஒரு பல்பு போய்விட்டதாகக் கணக்கிட்டு மினுங்கலை இரட்டிப்பாக்குகிறது. நாம் கேட்கும் 'டக் டக்' ஸ்பீக்கரில் வரும் ஓசைதான். ஓட்டுநர் தன் பின்விளக்கைப் பார்க்க முடியாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. என் காரில் நான்கு விளக்குகளையும் சேர்த்து மினுங்கவிட்டால் இந்த இரட்டிப்பு வருவதில்லை என்பதையும் கண்டுகொண்டேன். அதனால் சோதிக்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் போட்டுத்தான் பார்க்கிறேன்.

இனி இரண்டாவது. 2022-இல் எல்இடி பல்புகள் வாங்கினேன். பளிச்சென்று எரியும், மின்சாரம் மிச்சம், ஆயுள் அதிகம் என்றார்கள். பளிச்சென்றுதான் எரிந்தன. போட்ட கணத்திலேயே மினுங்கல் 40-க்கு ஏறிவிட்டது. எல்இடி சில வாட் மட்டுமே எடுப்பதால், பல்பு இல்லை என்றே கணினி நினைத்துக்கொள்கிறது. கடையில் இதற்குத் தீர்வாகப் பொன்னிற அலுமினிய உறைக்குள் இருக்கும் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் இரண்டைக் கொடுத்தார்கள். பல்புக்கு இணையாக அதை இணைத்தால் அது தன் பங்குக்கு மின்சாரத்தை இழுக்கும், பல்பு இருப்பதாகக் கணினி நம்பிக்கொள்ளும். இணைத்தேன். 21-க்குத் திரும்பியது. அதன்பின் நிறைவாகத்தான் இருந்தேன்.

முதல் சந்தேகம் 2023 தைப்பூசத்தில் வந்தது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு எங்கள் கார் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நத்தம் தாண்டிய இருட்டில் நான்கு விளக்குகளும் மணிக்கணக்காக மினுங்கின. விடியற்காலையில் டிக்கியைத் திறந்தபோது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. ரெசிஸ்டரை நான் பிளாஸ்டிக் உறையில் இருபுறப் பசைநாடாவால் ஒட்டியிருந்தேன். பசை உருகி வழிந்து, உறையில் விரல் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட். 6 ஓமில் அது எரியும் ஒவ்வொரு கணமும் ஏறக்குறைய 33 வாட் வெப்பம். விட்டுவிட்டு எரிவதால் சராசரி பாதி என்றாலும், காற்றோட்டமில்லாத மூலையில் கையை வைக்க முடியாத சூடு அது. ரெசிஸ்டரைத் தகட்டில்தான் திருக வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டக் கூடாது. எல்இடியைக் கழற்ற வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ரெசிஸ்டரை மட்டும் தகட்டுக்கு மாற்றினேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு மாலை காரைக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் ஆத்தா. திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடத்துக்கு முன்பே இடது இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரி சக்கரங்கள் கிறீச்சிட வலப்பக்கம் ஒடித்து, எங்களை உரசாமல் தாண்டிப்போய் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். "சிக்னல் போடாமல் திரும்புகிறீர்களே ஐயா, உள்ளே பெரியவர்கள் வேறு இருக்கிறார்கள்" என்றார். கோபத்தைவிட நடுக்கம்தான் அவர் குரலில் அதிகம். போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். காருக்குள் அப்போதும் 'டக் டக்' கேட்டுக்கொண்டிருந்தது. அதே நிதானமான 84. அவர் என் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் கூட்டிப்போனார். இடது பின்விளக்கு இருண்டு கிடந்தது.

எல்இடி எப்போது செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றா, ஒரு வாரம் முன்பா, ஒரு மாதம் முன்பா. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்திருந்தேன். ரெசிஸ்டர் தன் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருந்ததால் கணினிக்கு எல்லாம் நலமாகத் தோன்றியது. வேகமாக மினுங்கியதைக் கோளாறு என்று எண்ணித் திருத்தியபோது, கோளாறைச் சொல்லும் வாயைத்தான் கட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரவே எல்இடிகளையும் ரெசிஸ்டர்களையும் கழற்றினேன். பழைய இழைப் பல்புகள் திரும்ப வந்தன.

விற்பனைக்கு வரும்போதே எல்இடி விளக்கோடு வரும் கார்களின் கதை வேறு. அவற்றின் கணினிக்கு அந்த விளக்கின் அளவு தெரியும். மைத்துனரின் காரில் விளக்கு பழுதானால் முன்பலகையில் செய்தியாகவே வருகிறது. பல்பை மட்டும் மாற்ற முடியாது, தொகுதியையே மாற்ற வேண்டும் என்பதுதான் செலவு. என் எச்சரிக்கை இழைப் பல்புக்காக வடிவமைத்த காரில் எல்இடியைச் செருகுகிறவர்களுக்கு மட்டும்.

மூன்றாவது கோளாறு மூன்று மாதத்தில் வந்தது. ஐப்பசி மழை பெய்த மறுநாள் காலையில் இடது பக்கம் 40. மதியம் வெயில் ஏறியதும் 21. மறுபடி மழை, மறுபடி 40. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், இழை நன்றாக இருந்தது. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் ஓம் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. ஆறிய இழையின் தடை ஓர் ஓமுக்கும் குறைவுதான், எனவே அது சரி. ஹோல்டரில் வோல்ட் பார்த்தால் மினுங்கலோடு சேர்ந்து எண் தாவித் தாவி ஓடியது. ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். இடது இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால், பின்பக்கச் சிவப்பு விளக்கும் கூடவே லேசாகத் துடித்தது.

கழனிவாசலில் வயரிங் வேலை பார்க்கும் தம்பியிடம் இதைச் சொன்னதும், "அப்படியானால் எர்த் அண்ணே" என்றார், காரைப் பார்ப்பதற்கு முன்பே. எர்த் என்பது விளக்கிலிருந்து மின்சாரம் காரின் பாடிக்குத் திரும்பும் பாதை. ஒரே எர்த்தைப் பங்கிடும் விளக்குகளில் அந்தப் பாதை அடைபட்டால், மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாக வெளியேறப் பார்க்கும். சிவப்பு விளக்கு துடிப்பது அதனால்தான். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. நீள வயர் ஒன்றின் ஒரு முனையைப் பாடியில் சுரண்டிய போல்ட்டில் கட்டினார், மறுமுனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் வைத்தார். நான்கைந்து மினுங்கலுக்குள் வேகம் சீரானது. எடுத்தால் மறுபடி ஓட்டம். வைத்தால் நிதானம். மூன்று முறை செய்து காட்டினார்.

ஹோல்டரைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். எர்த் தகடு பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. அதன்மேல் நம் ஊர்ச் செம்மண் புழுதி ஈரத்தில் குழைந்து, குங்குமக் குழம்புபோல் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் செம்பு மின்னியது. வேறுவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் நின்றால் ஒன்று கரையத் தொடங்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தையும் இத்தனை காலமாக ஆராய்ந்து வருகிறது. அதன் வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அந்தப் படிப்பு என் கார் டிக்கியிலேயே நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் எப்படி வந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ரெசிஸ்டர் வயரை வெளியே கொண்டுவர, விளக்குத் தொகுதியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் அதை நுழைத்திருந்தேன். வயரை உருவிய பிறகும் அந்த இடத்தில் ரப்பர் மடங்கியே இருந்தது. மழைத் தண்ணீர் அந்த இடுக்கின் வழியாக நேரே ஹோல்டருக்கு இறங்கியிருக்கிறது.

தம்பி தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். அது மெலிந்துவிட்டது என்று புது ஹோல்டரே போட்டார். ரப்பர் வளையமும் புதிது, எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி இறுக்கம். எல்லாம் சேர்த்து 650 ரூபாய். பல்பின் அடியில் அரிசி அளவு வாஸ்லின் தடவச் சொன்னார். அதிகம் தடவினால் புழுதி ஒட்டும் என்றும் சொன்னார்.

அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. களிம்பு திரும்பவில்லை. முன்பெட்டியில் ஆரஞ்சுப் பல்பு இரண்டு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குக் கிளம்பும் முந்தின மாலை கொட்டகையில் உட்கார்ந்து, முதலில் இடது, பிறகு வலது என்று சுவரைப் பார்த்து எண்ணுவேன். இந்தத் தையில் இடது 21, வலது 21. கதவருகில் நின்ற ஆத்தா, "எரிகிறதா அப்பா?" என்று கேட்டார். இறங்கிப் பின்னால் போய் என் கண்ணால் பார்த்துவிட்டு, எரிகிறது என்றேன்.