எஞ்சின் மாற்றிய பழைய பிக்கப்பும் நாமக்கல் பட்டறையும்

முந்தைய உரிமையாளர் 2523 சிசி டி.ஐ. (டீசலை நேரடியாக உள்ளே செலுத்தும்) எஞ்சினை மாற்றிப் பொருத்தியிருந்த எங்கள் பழைய மஹிந்திரா பிக்கப், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே அதிர்ந்ததால், அதை நாமக்கல்லில் ஒரு பட்டறையில் விட்டேன். மூத்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதையும், அதனால் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு, அதன் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட்டின் ஊசி பேரிங்குகள் துருப்பொடியாக உதிர்ந்திருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். மவுண்ட்டின் பழைய பிராக்கெட்டை வெட்டியெடுத்து, புதிதாகச் செய்து வெல்டிங் வைத்து, ஷாஃப்ட்டையும் பேலன்ஸ் செய்து கொடுத்தார்கள். இப்போது 60-இல் போனாலும் கியர் லீவர் நடுங்குவதில்லை. ரேடியேட்டர் ஹோஸை ஃபேனுக்கு மிக நெருக்கமாக விட்டிருந்தது குறைதான். சொன்னவுடன் கிளாம்ப் போட்டுச் சரிசெய்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று அவர்களே முதலில் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது.