எம்.எஸ்.ஆர்.ஏ டைலமாஸ் தாள்: கேள்வி வங்கியா, ஜி.எம்.சி வழிகாட்டியா, ஒரு நாள் வகுப்பா?

பிரிட்டனில் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நம் டாக்டர்களில் பலர், அதற்கான சேர்க்கைத் தேர்வான எம்.எஸ்.ஆர்.ஏ-வின் கிளினிக்கல் தாளுக்குத்தான் மூச்சைப் பிடித்துப் படிக்கிறார்கள். வேலையில் வரும் இக்கட்டான சூழலில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்கும் 'புரொஃபஷனல் டைலமாஸ்' தாளைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஜி.பி. சேர்க்கையில் இரண்டு தாளுக்கும் சம மதிப்பு. முன்பெல்லாம் செலக்‌ஷன் சென்டர் என்று, நேரில் மதிப்பிடும் ஒரு கட்டம் இருந்தது. 2020-இல் கோவிட் வந்ததும் அது நின்றுபோனது. இப்போது தரவரிசை முழுக்க இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான்.

டைலமாஸ் தாளுக்குத் தயாராக மூன்று வழி உண்டு. காசு கட்டிச் சேரும் கேள்வி வங்கி (பயிற்சிக் கேள்விகளின் ஆன்லைன் தொகுப்பு), பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜி.எம்.சி-யின் நடத்தை வழிகாட்டியான 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' மற்றும் அதை ஒட்டிய வழிகாட்டிகள், அப்புறம் ஒரு நாள் வகுப்பு. நான் வழிகாட்டிகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வங்கியைப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தினேன். இன்று தொடங்கினாலும் அப்படித்தான் செய்வேன்.

வங்கியின் வசதிகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நைட் டியூட்டி இடைவேளையில்கூட போனில் நாலு கேள்வி போடலாம். 95 நிமிடத்தில் 50 கேள்வி என்ற வேகம் கைக்குப் பழகும். வரிசைப்படுத்தும் கேள்வி, எட்டில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இரண்டும் பிடிபடும். கிளினிக்கல் தாளுக்கு வங்கியை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் டைலமாஸ் தாளில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான்: அந்த விடை எங்கிருந்து வந்தது? நிஜத் தேர்வின் விடைகளை அனுபவமுள்ள டாக்டர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். வங்கியில் இருப்பது அதை எழுதியவரின் கணிப்பு. காலையில் சக டாக்டர் மேல் மது வாடை அடிக்கிறது என்று ஒரு கேள்வி. ஒரு வங்கியில் அவரிடமே தனியாகப் பேசி வார்டை விட்டு அனுப்புவது முதலிடம். இன்னொன்றில் கன்சல்டன்ட்டிடம் (பொறுப்பிலுள்ள மூத்த டாக்டரிடம்) சொல்வது முதலிடம். விளக்கம் என்று பார்த்தால், இரண்டிலும் 'நோயாளியின் பாதுகாப்பே முக்கியம்' என்று ஒற்றை வரி. இரண்டையும் மனப்பாடம் செய்தவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். வழிகாட்டியைப் படித்தவர் வேறு மாதிரி யோசிப்பார்: மது வாடை அடிக்கும் அந்த டாக்டர் இந்த நிமிடம் நோயாளியைத் தொடாமல் இருக்க எது உடனே உதவும், அந்தப் பொறுப்பு மேலே இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? முதல் இரண்டு இடம் முன்பின் ஆனாலும் பகுதி மதிப்பெண் உண்டு. பொறுத்திருந்து பார்க்கலாம் என்பதை மேலே தூக்கி வைத்தால்தான் அடி விழும்.

பிரிட்டனுக்கு வெளியே படித்து வந்த நமக்கு இது இன்னும் முக்கியம். வலிப்பு உள்ள ஒருவர், ஓட்டக்கூடாது என்று சொல்லியும் வண்டி ஓட்டுகிறார். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வார்டில் வளர்ந்தவருக்கு முதலில் என்ன தோன்றும்? அவர் மனைவியைக் கூப்பிட்டு, "சாவிய வாங்கி வச்சுக்கோங்கம்மா" என்று சொல்லத் தோன்றும். அக்கறையில் வருவதுதான். ஆனால் ஜி.எம்.சி-யின் ரகசியக் காப்பு வழிகாட்டிப்படி, நோயாளி சம்மதித்தால்தான் குடும்பத்தாரிடம் பேசலாம். ஓட்டுநர் உரிமம் தரும் டி.வி.எல்.ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலில் நோயாளியின் சட்டப் பொறுப்பு. அதை அவருக்குப் புரியவைத்து, ஓட்டாமலிருக்க முயன்றவரை சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்காமல் ஓட்டி, மற்றவர் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், முடிந்தவரை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு டி.வி.எல்.ஏ-வின் மருத்துவ ஆலோசகருக்கு நாமே தெரிவிக்க வேண்டும். படிப்படியான இந்த ஏற்பாட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டால், ரகசியக் காப்புக் கேள்வி எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும். சீஃப் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பழக்கத்துக்கும் இதே மருந்துதான்: கவலையை எப்போது, யாரிடம் எழுப்புவது என்பதற்கே தனி வழிகாட்டி இருக்கிறது. எஃப்2 டாக்டராக (எம்.பி.பி.எஸ் முடித்தபின் வரும் ஃபவுண்டேஷன் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருப்பவராக) நின்று பதில் சொல்ல வேண்டிய தாளில் அந்த எல்லை தெரிந்தே ஆக வேண்டும்.

குறையும் உண்டு. வழிகாட்டிகள் வறட்சியான நடை, தூக்கம் வரும். பழைய பிரதியை வைத்துப் படிக்காதீர்கள். இப்போதைய 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' 2024 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. எல்லாமே ஜி.எம்.சி தளத்தில் இலவசம். பிரிட்டனிலேயே படித்து, ஃபவுண்டேஷன் முடித்தவருக்கு இவ்வளவு ஆழம் தேவைப்படாமல் போகலாம். அவர்களுக்கு வார்டே பாதியைக் கற்றுக்கொடுத்திருக்கும்.

ஒரு நாள் வகுப்புக்கு நான் போகவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். போய்வந்த நண்பர்கள், விடையை விவாதிக்க ஆள் கிடைத்ததைத்தான் பெரிய லாபமாகச் சொன்னார்கள். அது மட்டும் போதுமென்றால், தேர்வெழுதும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் வீடியோ காலில் உட்காரலாம். அதிகாரபூர்வ மாதிரிக் கேள்விகளை எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் வழிகாட்டியில் எந்தப் பத்தி ஆதாரம் என்று ஆளுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள். வங்கிக்கும் காசு கட்டுவதாக இருந்தால் ஒரே ஒன்று போதும். அதையும் கிளினிக்கல் தாளுக்கு எது நல்லது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.